கெலமங்கலத்தில் கேட்ட ரம்பம்

மாதேஸ்வரியின் ரம்பம் ஓசூரில் ஓடியது. அதன் சத்தம் கெலமங்கலத்தில் கேட்டது. இரண்டு ஊருக்கும் நடுவே இருபது கிலோமீட்டர் போல இருக்கும். இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு ஆவணியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு இது தொடங்கியது. அன்று கெலமங்கலத்தில் தக்காளி வரத்து அதிகம்.

மாதேஸ்வரி பேரிகை என்ற ஊர்ப் பக்கத்துக்காரி. மூக்கண்டப்பள்ளியில் ஒரு ஷெட்டில் எட்டு வருடம் மரப்பெட்டிக்கு ஆணி அடித்தவள். பம்பும் லேத்தும் லாரியேறிப் போவதற்கான பெட்டிகள் அவை. முதலாளி ஒரு நாள் ஷெட்டைப் பூட்டிக்கொண்டு பெங்களூருக்குப் போய்விட்டார். வேலை போன ஆறு பெண்களில் இவள் மட்டும், ஆணி அடிக்கத் தெரிந்தவளுக்குப் பெட்டி செய்யத் தெரியாதா என்று யோசித்தாள். சீட்டுப் பணத்தை எடுத்து, அத்திப்பள்ளியில் மூடிக்கிடந்த நாற்காலிப் பட்டறை ஒன்றில் பழைய பேண்ட்சா மெஷினை இரும்பு விலைக்கு வாங்கினாள். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி பெல்ட்டு மாதிரி ஓடும் பல்வைத்த பிளேடு, நடுவில் கட்டையைத் தள்ள ஒரு இரும்பு மேசை; அவ்வளவுதான் மெஷின். மேல் சக்கரத்துக்குள் குருவி கூடு கட்டியிருந்தது. விற்றவர் அதற்குத் தனியாக எதுவும் கேட்கவில்லை. கணவன் திம்மராயன் அதைத் தன் டெம்போவில் ஏற்றி, ஓசூரில் வாடகைக்குப் பிடித்த ஷெட்டுக்குக் கொண்டுவந்தான். ஜூஜூவாடி செக்போஸ்ட்டில் என்ன சரக்கு என்று கேட்டதற்கு, "பொண்டாட்டி ஆசைப்பட்டதுங்க" என்றான். விட்டுவிட்டார்கள்.

துருவை எடுத்து ஓட வைக்க வெள்ளைச்சாமி வந்தார். சாத்தூர்க்காரர், சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர், செவ்வாய்க்கிழமை வார விடுமுறை; அன்று வேலை இல்லாவிட்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. ஐந்து விடுமுறை நாட்கள் மண்ணெண்ணெயும் கம்பி பிரஷ்ஷும் கையுமாக உட்கார்ந்தார். சக்கரத்தில் உளுத்துப்போன ரப்பரை மாற்றினார், பேரிங் மாற்றினார், மோட்டாருக்குப் புதுச் சுருள் கட்டிவந்தார். செவ்வாய்க்கிழமை மாதேஸ்வரி சுவிட்சைப் போட்டாள். ஒரு சத்தமும் இல்லை.

"என்ன தங்கச்சி, கரண்டு போயிருச்சா?"

"லைட்டு எரியுதே அண்ணா."

என்னவென்று பார்க்க வெள்ளைச்சாமி குனிந்தார். காதில் செருகியிருந்த பென்சில் நழுவி மேசையில் உருண்டு, பிளேடைத் தொட்டு, சத்தமில்லாமல் இரண்டு பென்சிலாகியது. நீட்டப்போன கையை அவர் மெதுவாக எடுத்துக்கொண்டார். விரல்களை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, "ஓடுது" என்றார். பேரிங்கை இவ்வளவு அருமையாகப் போட்டோமா என்று அரை நாள் அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கெலமங்கலத்தில் அந்தச் சத்தம் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, வேப்பமர உயரத்தில் கேட்டது. ஜனங்கள் முதலில் ஹெலிகாப்டர் என்று அண்ணாந்தார்கள், பிறகு மர மில்லைத் தேடித் தெருத்தெருவாக நடந்தார்கள், பிறகு பஸ் வந்ததும் ஏறிப்போனார்கள். மூன்றாம் நாள் திம்மராயன் தக்காளி ஏற்றப் போய், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நஞ்சம்மாவின் கடையில் இட்லி தின்றுகொண்டிருந்தபோது தலைக்கு மேல் கிறீச்சென்று ஒரு சத்தம் வந்தது. பல் கூசித் தட்டை வைத்துவிட்டான். ராத்திரி வீட்டில் மாதேஸ்வரி பல் உதிர்ந்த பிளேடைக் காட்டி, "பதினொன்னே காலுக்கு ஆணியக் கடிச்சிடுச்சுங்க" என்றாள். அவன் தட்டை வைத்ததும் அதே நேரத்துக்குத்தான். மறுநாள் நஞ்சம்மா கடையின் ஒரு ரூபாய் போனிலிருந்து அவளைக் கூப்பிட்டான்.

"மெஷின ஆஃப் பண்ணு."

பண்ணினாள்.

"இப்ப ஆன் பண்ணு."

"எதுக்குங்க? எங்க இருக்கீங்க?"

"கெலமங்கலத்துல. உன் மெஷினும் இங்கதான் இருக்குது."

யாரோ புகார் எழுதிப்போட, அடுத்த வாரம் ஒரு அதிகாரி சத்தம் அளக்கும் கருவியோடு ஷெட்டுக்கு வந்தார். கருவி, வெளியே மேய்ந்த ஆட்டின் சத்தத்தை மட்டும் காட்டியது. ஓசூரில் சத்தம் இல்லை, கெலமங்கலத்தில் மெஷின் இல்லை, ஆகவே நடவடிக்கை தேவையில்லை என்று எழுதிக்கொண்டு போனார். வெள்ளைச்சாமிதான் பயந்தார். "குரைக்கிற நாயி கடிக்காதும்பாக. இது குரைக்கவே மாட்டேங்குதே தங்கச்சி, வித்துரு." மாதேஸ்வரி விற்கவில்லை. பம்பு கம்பெனிக்கு எண்பது பெட்டி வெள்ளிக்கிழமைக்குள் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள். அவளை நம்பி பழைய ஷெட்டுப் பெண்களில் முனிலட்சுமியும் வந்து சேர்ந்திருந்தாள்.

அந்த வாரம் நஞ்சம்மாவே டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஐம்பது வயது, கன்னடமும் தமிழும் ஒரே வாயில் வரும்.

"நிறுத்தச் சொல்ல வரலம்மா. உழைச்சித் தின்றவ நீ. ஆனா உன் மெஷினுக்குச் சளி புடிச்சிருக்கு. காலைல இருந்து கர்ரு கர்ருன்னு இழுக்குது. எங்க ஊர்ல யாருக்கும் இட்லி எறங்கல."

ரம்பத்தின் மீதி ரிப்பேர் போனில் நடந்தது. வெள்ளைச்சாமி திருகைக் கால் சுற்று திருப்புவார், மாதேஸ்வரி "இப்ப எப்படிக்கா?" என்பாள், நஞ்சம்மா வானத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டு, "இன்னும் மேல ஒரு எடத்துல நொண்டுது" என்பாள். இட்லி தின்ன வந்தவர்களும் ஆளுக்கொரு அபிப்பிராயம் சொன்னார்கள். மேல் சக்கரம் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தது தெரிந்தது. கீழ்ச் சக்கரத்தில் ரப்பருக்கு அடியில் பழைய பசைக்கட்டி ஒன்று புடைத்திருந்ததும் தெரிந்தது. கடைசியில் நஞ்சம்மா, "போதும், இனி யாரும் கை வெக்காதீங்க" என்று போனை வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை எழுபத்தி மூன்றாவது பெட்டிக்குப் பலகை அறுத்துக்கொண்டிருந்தபோது, மாதேஸ்வரியின் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கிய செல்போன் அடித்தது. எடுத்தால் நஞ்சம்மா, நிறுத்து நிறுத்து என்று கன்னடத்தில் கத்துகிறாள். "நில்லிசு, நில்லிசம்மா." மாதேஸ்வரி ஏன் என்று கேட்கவில்லை. சுவிட்சைத் தட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். சக்கரம் நின்றதும் மூடியைத் திறந்து பார்த்தால், பிளேடு ஒட்டுப்போட்ட இடத்தில் முக்கால்வாசி விரிந்து, ஒரு நூல் பிடிப்பில் நின்றது. அவள் முகத்துக்கு நேரே இருந்தது அது. பலகையடுக்கின் மேல் உட்கார்ந்தாள். முனிலட்சுமி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நடுவுல டிக்கு டிக்குன்னு வந்துச்சு" என்று நஞ்சம்மா பிறகு சொன்னாள். "பால்காரன் சைக்கிளான்னு பாத்தேன். பால்காரன் அப்பவே போயிட்டான்."

பெட்டிகள் சனிக்கிழமை போய்ச் சேர்ந்தன. ஒரு நாள் தாமதத்தைப் பற்றிக் கம்பெனியில் யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வருடங்கள் சுருக்காகப் போயின. கெலமங்கலம் கல்யாண மண்டபத்தில் முகூர்த்த நாளன்று பத்தரை வரை மெஷினை நிறுத்த, மாதேஸ்வரியின் நம்பரை மேளக்காரர் நம்பருக்குக் கீழே எழுதிவைத்தார்கள். இரண்டாயிரத்து எட்டில் மின்வெட்டு வந்தபோது, ஓசூரில் கரண்ட் போவது கெலமங்கலத்துக்கு உடனே தெரிந்தது. தீபாவளிக்கு நாலு நாள் ஷெட் மூடியிருந்ததில் அங்கே சில பேருக்கு மத்தியானத் தூக்கம் வராமல் போனது. சத்தம் ஏன் அவ்வளவு தூரம் போகிறது என்று ஒரு பேராசிரியர் வந்து விசாரித்தார். நஞ்சம்மா, "பஸ் வசதி இருக்குதுங்க" என்றாள்.

மாதேஸ்வரி மட்டும் தன் மெஷின் ஓடுவதை, போனில் கரகரத்ததைத் தவிர, ஒரு தடவையும் கேட்டதில்லை. ஓட்டுகிறவள் ஓசூரில்தானே இருந்தாக வேண்டும். ஐந்து வருடம் கழித்து, முனிலட்சுமிக்கு அறுக்கக் கை பழகிய பிறகு, ஒரு திங்கட்கிழமை செல்போனை அவள் கழுத்தில் மாட்டிவிட்டுப் பஸ் ஏறினாள். நஞ்சம்மா கடை பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒன்பது மணிக்கு வேப்பமரத்துக்கு மேலே அது தொடங்கியது. முதலில் ஒரு மூச்சு, பிறகு தறி ஓடுவது போல ஒரு சீரான இழுப்பு, கட்டை நுழைந்ததும் குரல் கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறியது. கடையில் இருந்தவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். மாதேஸ்வரி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, அத்திப்பள்ளியில் தான் வாங்கியது இதைத்தானா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். முன்னால் வைத்த இரண்டு இட்லியும் ஆறிப்போயின.

பிறகு நெற்றியைச் சுருக்கினாள்.

"முனிலட்சுமி கட்டைய அவசரமாத் தள்றாக்கா."

"நானும் அதத்தான் சொல்ல இருந்தேன்" என்று நஞ்சம்மா கல்லாவிலிருந்து ஒரு ரூபாய் எடுத்துக் கொடுத்தாள். மாதேஸ்வரி போன் பேசி வைத்தாள். மேலே சத்தம் நிதானத்துக்கு வந்தது. இன்னும் இரண்டு இட்லி வைக்கச் சொன்னாள்.