நெரிடாவின் இடது கால்

குல்பரா ஊரில் செப்புச் சுரங்க நிறுவனத்தின் பங்குகளை வைத்திருந்த எல்லோருடைய பாதங்களிலிருந்தும் ஒரு வியாழக்கிழமை காலையில் சாம்பல் நிறச் சேறு கசியத் தொடங்கியது. முந்தைய ஆண்டு நிறுவனத்தின் கழிவுக் குளம் உடைந்து ஆற்றில் இறங்கி, மீன்கள் செத்து மிதந்திருந்தன. சுற்றுச்சூழல் ஆணையம் விசாரித்தது. வழக்குப் போடவில்லை, அபராதம் விதிக்கவில்லை. 'இனிக் கவனமாக இருப்போம்' என்று எழுதி வாங்கிக்கொண்டு கோப்பை மூடியது. கோப்பு மூடிய காலையில்தான் கசிவு. ஆற்றில் வந்த அதே சேறு, அதே நாற்றம். கழுவினால் போகும், அடுத்த அடியில் மறுபடி வரும். ஷூ போட்டாலும் அடிப்பாகத்தைத் தாண்டி இறங்கிவிடும். வாசல் மிதியடிகளின் விலை அந்த வாரம் ஏறி, அடுத்த மாதம் பழையபடி இறங்கியது. நகராட்சி கடைவீதியை அடிக்கடி கழுவியது. நிறுவனம் மட்டும் தன் ஆண்டறிக்கையில், சுற்றுச்சூழலில் தங்களுடைய காலடித் தடம் வெகுவாகக் குறைந்துவிட்டதாகப் பெருமையுடன் அச்சிட்டிருந்தது.

நெரிடா ஹாலமின் பாதங்கள் உலர்ந்திருந்தன. மருந்துக் கடை நடத்தி ஓய்வு பெற்றவள் அவள். சேமிப்பு முழுவதையும், அட்டையில் பிளாட்டிபஸ் என்ற ஆற்று விலங்கின் படம் போட்ட ஒரு நெறிசார் நிதியில் வைத்திருந்தாள். சிகரெட், ஆயுதம், சூதாட்டம் எதையும் தொடாத நிதி. இதைப் பந்து உருட்டும் கிளப்பில் தேநீர் நேரம் தவறாமல் எல்லோருக்கும் சொல்லுவாள். கேட்பவர்கள் லாமிங்டன் கேக்கை மெதுவாக மென்றபடி ஜன்னலைப் பார்ப்பார்கள்.

அந்த விளையாட்டில் பந்து நேராக ஓடாது. ஒரு பக்கம் சற்றுச் சாய்வாகக் கடையப்பட்டிருப்பதால், வேகம் குறையக் குறைய வளைந்துகொண்டே போகும். எங்கே போய்ச் சேர வேண்டுமோ அங்கே குறி வைக்கக் கூடாது. தள்ளி வைக்க வேண்டும். இதெல்லாம் சரியாக நடக்கப் புல்தரை கம்பளம்போல் இருக்க வேண்டும். ஆகவே அணித் தலைவி நெரிடா, சேற்றுக்காரர்கள் புல்லில் இறங்கக் கூடாது என்று ஒரு விதி கொண்டுவந்தாள். கிளப் ஏற்றுக்கொண்டது. அவளுடைய அணியிலேயே நன்றாக உருட்டக்கூடிய கால் ட்ரெட்வெல் என்பவர், சுரங்கப் பங்கு வைத்திருந்ததால், வெளியே பெஞ்சில் உட்கார வேண்டியதாயிற்று.

"சேறு மட்டுமா வந்துச்சு நெரி? டிவிடெண்டும்தான் வந்துச்சு. அதை யாரும் கழுவச் சொல்லலையே!" என்றார் அவர், பீரை உறிஞ்சியபடி.

கோல்ட் கிரீக் ஊருடன் இறுதிப் போட்டி சனிக்கிழமை. பல வருடங்களாகத் தோற்றுத் தோற்று, முதன்முறையாக அவள் தலைமையில் அணி அதுவரை வந்திருந்தது. செவ்வாய்க்கிழமை காலை, கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பியவள், சமையலறைத் தரையில் சாம்பல் நிறத்தில் தன் காலடிகளைப் பார்த்தாள்.

நிதி அலுவலகத்துக்கு போன் போட்டாள். ஜாரட் என்ற இளைஞன் எடுத்தான்.

"நாங்க போன வாரம்தான் அந்தப் பங்கை வாங்கினோம், நெரிடா."

"ஆத்தையே நாசம் பண்ணினவங்கப்பா அவங்க!"

"எங்க சல்லடை எப்படின்னா, கோர்ட்ல தண்டனை வாங்கின கம்பெனியைத்தான் தள்ளும். இவங்க வாங்கலையே. அது மட்டுமில்ல, இனிமே ஒழுங்கா இருப்போம்னு எழுதிக் குடுத்திருக்காங்க. அப்படி எழுதிக் குடுத்தா எங்க கணக்குல கூடுதல் மார்க்."

"அப்போ தப்பே பண்ணாதவங்களுக்கு?"

"அவங்க எதுவும் எழுதிக் குடுக்கலையே."

நெரிடாவுக்குக் கோபத்தைவிட வியப்பே மேலோங்கியது. தண்டனை இல்லையென்றால் குற்றமில்லை, குற்றமில்லையென்றால் நல்லவர்கள். எவ்வளவு வழவழப்பான இயந்திரம்! பிளாஸ்டிக் பையைக் காலில் கட்டிப் பார்த்தாள். பை நிறைந்து வழிந்தது. சனிக்கிழமை வரை குளியல் தொட்டியிலேயே ஒளிந்து நிற்க முடியாது என்பதால், தேநீர் நேரத்தில் கிளப்புக்குப் போனாள். வாசல் மிதியடியில் நிற்காமல், கூடத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தாள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"பிளாட்டிபஸ் ஆத்துல இருந்து நேரா வந்துடுச்சு போல," என்றார் கால் ட்ரெட்வெல். கூடம் சிரித்தது. நெரிடாவும் கடைசியில் சிரித்துவிட்டாள்.

"விதியை நான்தான் கொண்டுவந்தேன். நானும் வெளியே உக்காரணும்," என்றாள்.

"உக்காந்தா யாரு பந்து உருட்டறது? உன் வாயா?" என்று கேட்டுவிட்டு, கால் ட்ரெட்வெல் விதியை ரத்து செய்யக் கை தூக்கினார். சேற்றுக் கைகள் என்று எதுவும் இல்லாததால் எல்லாக் கைகளும் சுத்தமாகவே உயர்ந்தன.

சனிக்கிழமை கோல்ட் கிரீக் அணியினர் வெள்ளைச் சீருடையில் வந்து, "இந்தச் சேத்துலயா ஆடறது?" என்று நடுவரிடம் முறையிட்டார்கள். முறையிட நடந்துபோன வழியெல்லாம் ஒருவரின் பின்னால் மெழுகுவர்த்திக் கரி; இறந்தவர்களிடமும் கட்டணம் பிடித்த வங்கியின் பங்குகள் அவரிடம் இருந்தன. இன்னொருவரின் பின்னால் சர்க்கரைப் பாகு. ஊழியர்களின் சம்பளத்தைக் குறைத்துக் கொடுத்த பேரங்காடியில் அவருக்குப் பங்கு. நடுவர் தன் காலடியைத் திரும்பிப் பார்த்தார், தொண்டையைச் செருமினார், ஆட்டத்தைத் தொடங்கச் சொன்னார். சேற்றுப் புல்லில் பந்து மெதுவாகவும் அதிகமாகவும் வளைந்தது. வழக்கத்தைவிட இன்னும் தள்ளிக் குறி வைக்க வேண்டும் என்பதை முதலில் கண்டுகொண்டவள் நெரிடா. குல்பரா வென்றது.

அதன்பின் அவள் அட்டைப் படங்களை நம்பவில்லை. சேமிப்பை இரண்டாகப் பிரித்தாள். ஒரு பாதியை, தானே நேரில் போய்த் தொழுவத்தையும் கணக்கையும் வேலையாட்களின் முகத்தையும் பார்த்துவிட்டு, ஒரு பால் கூட்டுறவில் போட்டாள். மறு பாதியை நிதிக்கு நிதி மாற்றி, ஒவ்வொரு முறையும் சமையலறையில் நடந்து பார்க்கிறாள். கிளப்பில் இப்போது முதலீடு செய்ய நினைப்பவர்கள் அறிக்கைகளைப் படிப்பதில்லை. நெரிடா உள்ளே நுழையும்போது தரையைப் பார்க்கிறார்கள். புல் சாம்பல் நிறமாகி வெகு நாளாயிற்று. சிறுவர்கள் புல் என்றால் அந்த நிறம்தான் என்று நினைக்கிறார்கள். நெரிடாவின் இடது கால் சுத்தமாக இருக்கிறது. வலது காலுக்கு இன்னும் ஒரு நிதியைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.