அருவி போக மீதி

1

“அவகிட்ட கேட்டியா, கேக்கலையா? அதை மட்டும் சொல்லு உம்மா.”

“நீ எங்கன இருந்துலே ஒட்டுக்கேட்ட?”

“தம்மாம்ல இருந்து.”

குற்றாலம் ஐந்தருவி ரோட்டில், என் பக்கத்து வீட்டு நூர்நிஷா மதினி, சவூதியிலிருக்கும் மகன் நாசரோடு போனை ஸ்பீக்கரில் போட்டுச் சண்டை பிடித்தார். இந்தக் கதை அதிலிருந்து கிடைத்தது. சுவரை ஒட்டி நின்றதால் ஒரு வரியும் தப்பவில்லை. (ஏன் ஒட்டி நின்றாய் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதை சரிப்படாது.)

2

‘சாரல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலை, முஹ்ஸினா தன் வாழ்வின்—’

அடித்துவிட்டேன். சீசனில் சாரல் பெய்யாத மாலை என்றால்தான் இங்கே செய்தி. வாழ்வின் என்ன என்பது எனக்கும் பிடிபடவில்லை.

நேராகவே சொல்கிறேன். முஹ்ஸினா, நாசரின் தங்கை. வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்கிறவள். சீசன் வந்தால் நாசருக்கு அருவிச் சத்தம் கேட்டாக வேண்டும். அவன் அறையிலோ நெட் இழுத்து இழுத்து வரும். அவனுக்காக அவள் ஒரு வெப் பக்கம் செய்தாள். கொல்லை ஜன்னலில் வைத்த பழைய போன் சத்தத்தைப் பிடிக்கும். அது வந்துகொண்டிருக்கும்போதே வெப் பக்கம் அதைச் சுருக்கி, மெலிந்த நெட் தாங்குகிற வடிவத்துக்கு மாற்றித் தம்மாமுக்கு அனுப்பும். சுருக்குவதற்கு அவள் எடுத்துப் போட்டது போன் பேச்சுக்கென்று செய்த ஒலிமாற்றி மென்பொருள். மனிதக் குரல்தான் அதற்குச் சரக்கு. விடாமல் இரைவதெல்லாம் குப்பை, நீக்கிவிடும்.

அருவி விடாமல் இரைகிறது.

3

எங்கள் தெருவில் ரகசியம் என்றால் கொல்லைக்குப் போவோம். அருவி இரைச்சலில் அடுத்த அறைக்குக்கூட எதுவும் எட்டாது. மதினியும் அந்த ஜன்னலடியில் நின்றுதான் சொன்னார்: “பொண்ணுக்கும் சம்மதம்னு சுரண்டை மாப்பிள்ளை வீட்ல சொல்லியாச்சு. நாசர்கிட்டயும் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன். வேலையை விடணும்னு வேற சொல்லுதாங்க. முஹ்ஸினாகிட்ட இப்பமே சொன்னா குதிப்பா. நிச்சயத்துக்கு முந்துன நாள் சொன்னாப் போதும்.”

(யாரிடம் சொன்னார்? முதல் வரைவில் வள்ளித்தாய் என்றொரு பாத்திரத்தை அங்கே நிறுத்திப் பார்த்தேன். என்னளவுக்குக் குடைந்து கேட்க அவளுக்கு வரவில்லை. நீக்கிவிட்டேன்.)

தம்மாமில் அறை நண்பர்களோடு அருவி கேட்க உட்கார்ந்த நாசரின் காதில் அருவி ஒரு சொட்டும் விழவில்லை. மதினி மட்டும் கணீரென்று விழுந்தார்.

4

சண்டைச் சத்தம் கேட்டு முஹ்ஸினா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். ஒரு வரைவில் அவளை அழவைத்தேன், ஒட்டவில்லை. அவள் கேட்டது இதைத்தான்:

“அண்ணே, அப்ப அருவி கேக்கவே இல்லையா?”

“அருவி கெடக்கட்டும்ட்டி. ஒனக்குச் சம்மதமா?”

அவள் உம்மாவைப் பார்த்தாள். மதினி அடுப்பைப் பார்த்தார்.

“இப்பத்தான் என்னைய ஒரு ஆளு கேக்குது. எனக்கு வேண்டாம்ண்ணே.”

“சரி. சுரண்டைக்கு நானே பேசிக்கிடுதேன்.”

மதினிக்கு வேறு கவலை. “ரூம்ல எல்லாருமாலே கேட்டாங்க?”

“அல்தாப் மட்டும் டீ போட எந்திரிச்சுப் போயிருந்தான்.”

5

‘மதினி மகளிடம் மன்னிப்புக் கேட்டார்.’ எழுதிப் பார்த்தேன், பொய். ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு கொல்லையில் என்னிடம், ஜன்னலில் போன் இல்லை என்று பார்த்துக்கொண்டு சொன்னார்: “அந்த மெசினு நல்லா இருக்கட்டும். அவளைக் கேக்காமக் கட்டி வச்சிருந்தா, அப்புறம் என்கிட்ட முகங்குடுத்துப் பேசுவாளா?”

சுரண்டை மாப்பிள்ளை கடையநல்லூரில் பெண்ணெடுத்து நன்றாக இருக்கிறார். முஹ்ஸினா வேலையோடு சென்னைக்குப் போனாள். பிறகு, டீ போடப் போயிருந்த அந்த அல்தாபையே கட்டிக்கொண்டாள். நிக்காஹுக்கு முன் மதினி அவளிடம் சம்மதம் கேட்டுக் கேட்டு, “போதும்மா” என்று அவளே கையெடுத்துக் கும்பிடாத குறை.

ஜன்னலில் போன் மறுபடி ஏறிவிட்டது. வெப் பக்கத்தில் இப்போது இரண்டு பொத்தான்கள்: அருவி, வீடு. சென்னையில் அவள் எதை அழுத்துகிறாள் என்பதை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். நான் எதற்கும் கொல்லையில் கொஞ்சம் உரக்கவே பேசுகிறேன்.