ஒற்றைச் செருப்பு

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. புருஷனை விட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்ட அக்காவின் விவாகரத்து மனுவில், வக்கீலம்மா எழுதிய ஓர் ஆங்கில வினைச்சொல்லில் பிறந்தது: டார்மெண்ட். கால் சென்டரில் கொஞ்ச காலம் ராத்திரி வேலை பார்த்தவன் என்பதால் வீட்டில் ஆங்கிலத்துக்கு நான்தான் அகராதி.

"இதுக்கு என்னடா அர்த்தம்?"

"வதைக்கிறது."

"ஐயோ, அவர் என்னை அடிச்சதே இல்லையே. பொய்க்குக் கையெழுத்துப் போடச் சொல்றியா?"

2

முதல் தொடக்கம்: 'அவன் கொடூரன். அவன் கண்களில்—'

வேண்டாம். அத்தானுக்குச் சாதாரணக் கண்கள். தெருவே மெச்சும் மனிதர். அவர் செய்தது ஒன்றுதான். அக்கா வெளியே கிளம்பும்போதெல்லாம் அவள் செருப்பில் ஒன்றை ஒளித்து வைப்பார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, அவள் கட்டிலடியில் குனிந்து தேடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். வேலைக்கான நேர்காணல் அப்படித்தான் போனது. அம்மா செத்த அன்றும் தேடினாள். அழுதால், "ஒரு வெளையாட்டுக்கூடத் தெரியலையே உனக்கு" என்பார்.

[இரண்டையும் ஒளித்தால் போய்த் தொலையட்டும் என்று விட்டுவிடுவாள். ஒன்று கண்ணெதிரே கிடந்தால்தான் தேடுவாள். இதை யோசித்த மூளையைப் பற்றி ஒரு பத்தி எழுதி, அடித்துவிட்டேன்.]

3

அகராதியைப் புரட்டினேன். அந்தச் சொல்லுக்கு ரத்தம் தேவையில்லை. விடாமல் நோகடித்தால் போதும். பல்வலிகூட டார்மெண்ட் செய்யும், கொசுவும் செய்யும். எடுத்துக்காட்டு வாக்கியத்தில், பையன்கள் ஒரு பூனையை டார்மெண்ட் செய்திருந்தார்கள்.

"பூனைக்குச் செருப்பு கிடையாதுடா. ஓடித் தப்பிச்சிடும்" என்றாள் அக்கா. சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "சரி, நாளைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுடறேன்."

4

மறுநாள் காலை அத்தான் சமாதானம் பேச வந்தார். வாசலை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார். டீ கொடுத்தேன்.

"வீட்டுக்கு வந்துடும்மா. இனிமே சத்தியமா அப்படிப் பண்ண மாட்டேன்."

"வக்கீலம்மா காத்துக்கிட்டிருப்பாங்க" என்று அக்கா பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

வாசலில் ஒரு செருப்புதான் கிடந்தது.

அத்தான் டீயை உறிஞ்சினார்.

5

முடிவு ஒன்று: அவள் குனிந்து தேடத் தொடங்கி, கடைசியில்—

முடிவு இரண்டு: நான் அத்தானின் சட்டையைப் பிடித்து— (அக்கா கேட்பாள்: "உன்னை யாருடா நடுவுல வரச் சொன்னது?")

முதல் முடிவைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் அவளைக் குனிய வைத்துவிட்டு, நான் சாவகாசமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த மூலையில் தேடவிட்டால் உங்களுக்கு அதிகம் வலிக்கும் என்று யோசித்தேன். அதற்கும் அந்த வினைச்சொல்தான்.

செருப்பு எங்கே என்று எனக்குத் தெரியும். அத்தானின் நாற்காலிக்கு அடியில், அவர் குதிகாலுக்குப் பின்னால். இப்போது உங்களுக்கும் தெரியும். அக்கா ஒரு காலில் மட்டும் செருப்போடு வாசலில் நிற்கிறாள்.

நான் பேனாவை வைத்துவிட்டேன். அவளைக் குனிய வைப்பதானால் இனி நீங்கள் வையுங்கள்.