கூப்பன் செல்லுபடியாகும் இடங்கள்

1

இந்தக் கதை என் மனத்தில் தானாக உதித்தது இல்லை. கேட்டு வாங்கியது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செல்போன் பாகங்களைப் பூட்டுகிற ஒரு கம்பெனி தன் ஆண்டு மலருக்காகக் கேட்டது. வேலைக்குப் போகும் பெற்றோருக்கு நிறுவனம் தரும் குழந்தைப் பராமரிப்புக் கூப்பனும் அதன் நன்மைகளும். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். "கதையா இருந்தா நல்லா ரீச் ஆகும் மேடம். ஒரு அம்மா, ஒரு குழந்தை, ஹேப்பி எண்டிங்" என்றார் போனில் பேசிய பெண். சரி என்றேன். நன்மைகளைத் தேடிச் சின்ன காஞ்சிபுரத்தில் அந்தக் கம்பெனித் தொழிலாளி ஒருத்தியின் வீட்டுக்கு நடந்தேன். அன்று ஏறிய எரிச்சல் இன்னும் இறங்கவில்லை.

2

முதல் தொடக்கம்: காலைச் சூரியன் கோபுரத்தைத் தொட, நௌஷீன் தன் மகளுக்கு முத்தமிட்டுப் புன்னகையுடன் வேலைக்குப் —

வேண்டாம். கம்பெனி பஸ் வரும் நேரத்தில் சூரியனே வந்திருக்காது. நௌஷீனும் புன்னகைப்பதில்லை. ஹேர்பின்னைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓடுவாள்.

இரண்டாவது தொடக்கம்: நௌஷீன் அந்தக் கம்பெனியில் முதல் ஷிப்ட். மகள் சித்தாராவுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. தினமும் இருட்டோடு, தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டுவாள். அங்கே பட்டுத்தறி போட்டிருக்கும் அம்சவேணி எழுந்து வந்து வாங்கிக்கொள்வாள். "தூங்கிகினு இருக்கிறப்பவே குட்த்துட்டுப் போம்மா. முழிச்சா உன்ன வுடாது" என்பாள்.

இது இருக்கட்டும்.

(மாமியார் எங்கே என்று இந்நேரம் பாதிப் பேர் கேட்டிருப்பீர்கள். காலமாகிவிட்டார். குழந்தையின் அப்பா எங்கே என்று எத்தனை பேர் கேட்டீர்கள்? ஷோயப் ஐயம்பேட்டை வழியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவரும் இருட்டோடு கிளம்புகிறவர்தான்.)

3

கூப்பன் அறிவித்த அன்று கேன்டீன் சுவரில் போஸ்டர் ஒட்டினார்கள். சிரிக்கும் அம்மா, சிரிக்கும் குழந்தை. மாதாமாதம் போனில் கூப்பன் வந்து விழும். காப்பகத்தில் அதைக் காட்டினால் போதும், கைக்காசு கொடுக்க வேண்டாம். நல்ல ஏற்பாடுதான். நௌஷீனும் மனதார சந்தோஷப்பட்டாள். அம்சவேணி இதுவரை ஒரு பைசா வாங்கியதில்லை. இனி அவளுக்கு ஏதாவது செய்யலாம்.

ஆனால் கூப்பனை எடுத்துக்கொள்ளும் காப்பகம் காஞ்சிபுரத்தில் ஒன்றுகூடக் கிடையாது. இருப்பதில் கிட்டத்தில் இருப்பது பூந்தமல்லியில். இவள் ஷிப்டில் கால்வாசி ஓடிய பிறகுதான் அதைத் திறப்பார்கள். நௌஷீன் ஹெச்.ஆர். மேடத்திடம் போய் நின்றாள். "எங்க எதிர்வூட்டு அக்காதான் மேடம் பாத்துக்கறாங்கோ. அவுங்க பேர சேத்துக்கினா ஆவாதா?"

"வீட்டைப் பார்த்துட்டு சொல்றேன்" என்றார் அவர். அந்த மட்டும் சந்தோஷம்.

4

அம்சவேணி சுண்ணாம்பு அடித்தாள். குழந்தை இடறி விழாமல் இருக்கத் தறிக்குழிப் பக்கம் பலகை வைத்து மறைத்தாள். நௌஷீன் கூட்டிவர மேடம் வந்தார், மரியாதையாகப் பேசினார், காபியும் குடித்தார். "குழந்தையை உங்க பிள்ளை மாதிரி பார்த்துப்பீங்களா?" என்று கேட்டார்.

அம்சவேணிக்கு இதை எப்படி நிரூபிப்பது என்று தெரியவில்லை. அவளும் கணவர் நமச்சிவாயமும் நெய்வது, உடலையும் கரையையும் தனித்தனி நூலில் ஓட்டிக் கோக்கும் கோர்வைப் புடவை. கரை நூலை ஓட்டத் தனி நாடாக்கட்டை உண்டு. அதை ஓரத்தில் உட்கார்ந்து இன்னொருவர் தள்ள வேண்டும். அந்த வீட்டில் வேற்றுப் பிள்ளை யாரும் தறியைத் தொடக்கூடாது. தொட விட்டால் அது அவர்கள் வீட்டுப் பிள்ளை. ஆகவே பலகையை நகர்த்திவிட்டு, சித்தாராவைத் தூக்கி ஓரத்தில் உட்கார வைத்து, நாடாவைக் கையில் கொடுத்தாள்.

"அத்தைக்குத் தள்ளிக் காட்டுடா கண்ணு."

குழந்தை தள்ளியது. தானே கைதட்டிக்கொண்டது. மேடம் போனை எடுத்துப் படம் பிடித்தார். படத்துக்காக அம்சவேணி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

பதில் வந்தது. குழந்தைத் தொழிலாளர் இருக்கும் இடம் என்று சந்தேகிக்கப்படுவதால் அனுமதி இல்லை. குழந்தையைத் தொடர்ந்து அங்கே விட்டால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க நேரிடும். நௌஷீன் போன் போட்டு விளக்கினாள். "நீங்க எமோஷனலா பேசறீங்க" என்றார் மேடம்.

அம்சவேணி பாதிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். "எனக்குப் பயமா இருக்குது நௌஷீனு. போலீசு கீலீசு வந்தா தறிய பூட்டிட்டுப் பூடுவாங்க. நாளையிலேர்ந்து கொழந்தைய இட்டாராதம்மா." பிறகு மீதிக் கதவையும் சாத்தினாள். உள்ளே அவள் அழுவது தெரு வரைக்கும் கேட்டது.

5

இந்த மேடத்தைக் கெட்டவராக்கப் பார்த்தேன். அலட்சியமான சிரிப்பு, காபியைத் தொடாத விரல்கள் என்று என்னென்னவோ போட்டேன். எடுபடவில்லை, அடித்துவிட்டேன். இந்த ஊர்த் தறி ஓரங்களில் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகள் உட்கார்ந்திருந்த காலம் உண்டு. அவர் பதறியது நியாயம். பக்கத்திலேயே பெற்றவள் நின்றாளே, அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்பதுதான் என் ஆத்திரம்.

கூப்பன் இல்லாதபோது அந்தக் குழந்தைக்கு ஒரு வீடு இருந்தது. கூப்பன் வந்தது, வீடு போயிற்று. நன்மைகளில் இதை எத்தனையாவதாகச் சேர்ப்பது?

6

முடிவு அ (அவர்கள் கேட்டது): கம்பெனிக்குள்ளேயே காப்பகம் திறக்கிறார்கள், நௌஷீன் ரிப்பன் வெட்டுகிறாள். எழுதிப் பார்த்தேன், நன்றாகத்தான் வந்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பக வசதி வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கேட்டால் இடமில்லை, அதனால்தான் கூப்பன் என்கிறார்கள். அத்தனை பஸ்களும் நிற்க மட்டும் இடம் இருக்கிறது.

முடிவு ஆ: நௌஷீன் வேலையை விட்டுவிடுகிறாள். இதை அவளிடமே சொன்னேன். "அத மட்டும் எழுதாதீங்கக்கா. எழுதுனா அப்டியே நடந்துடும்போல இருக்குது" என்றாள்.

முடிவு இ: ஷோயப் ஆட்டோவை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்து குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார். அவருக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தார். நௌஷீன் சிரிக்கவில்லை.

முடிவு ஈ: அம்சவேணி மனம் மாறிக் கதவைத் —

அவள் ஏன் திறக்க வேண்டும்? பயமுறுத்தியது யாரோ, தைரியம் காட்ட வேண்டியது அவளா?

7

ஆண்டு மலர்ப் பெண் மறுபடியும் கூப்பிட்டார். "எண்டிங் வந்துச்சா மேடம்?" வரவில்லை என்றேன். பஸ்தான் வந்துகொண்டிருக்கிறது.

நௌஷீன் நிறுத்தத்தில் நிற்கிறாள். தோளில் சித்தாரா தூங்குகிறாள். டிரைவர் ஹாரன் அடிக்கிறார். இன்றைக்கு ஏறாவிட்டால் நாளை வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். முடிவை வாசகருக்கே விட்டுவிடுகிறேன் என்று இந்த இடத்தில் நான் நழுவிக்கொள்ளலாம். நீங்களும் உச்சுக்கொட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பலாம். இரண்டு பேரும் அப்படித் தப்பிக்க நான் விடப்போவதில்லை.

எழுந்து வாருங்கள். கையை நீட்டுங்கள். தலையைத் தாங்கிப் பிடியுங்கள், கழுத்து சாய்கிறது. நௌஷீன் பஸ்ஸில் ஏறிவிட்டாள். சாயங்காலம்தான் வருவாள்.