மூன்று சர்வர்களைத் துடைத்த காலை

ஓமானின் இப்ரா ஊரில் கணினி வேலைக்குக் கூப்பிட்டால் வரும் ஒரே பெண் நான், ஸுவைனா. அன்று ஒட்டகப் பந்தயச் சங்கத்தில் புது டேட்டாபேஸ் சர்வர் மென்பொருள் கணினியில் ஏறாமல் அடம்பிடித்தது. நண்பகல் லுஹர் தொழுகைப் பாங்குக்குள் சரியாகாவிட்டால் மஸ்கட் கம்பெனியிடம் வேலையைக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் சங்கத்து வாசலை நான் மிதிக்க வேண்டியதில்லை.

உள்ளே பார்த்தால் பழைய சர்வர் ஒன்றல்ல, மூன்று. மூன்றும் பின்னால் ஓடிக்கொண்டு, புதுசுக்கு இடம் விடாமல் மறித்தன. எனக்கு முன் வந்த மூவரும் ஊரில் யாருக்காவது உறவு. ஒருவர் போட்டதை இன்னொருவர் கழற்றினால் அவமரியாதையாம். திரையில் தெரிந்த ஐகானை மட்டும் அழித்துவிட்டு, வேறு பெயரில் இன்னொன்றைப் போட்டு, காபி குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார்கள். இந்த மரியாதையைக் கொண்டுபோய் எங்கே கொட்டுவது?

செயலாளர் ஹுமைத் தாடியைத் தடவினார். "மகளே, அந்த மூணு பேர்ல ஒருத்தனான ஸாலிம் போட்டதை நீக்கினோம்னு தெரிஞ்சா, அவன் மகன் கல்யாணத்துக்கே என்னைக் கூப்பிட மாட்டான்."

"அந்தக் கல்யாணச் சோத்த நான் வீட்ல ஆக்கிப் போடுறேன் மாமா. ஒட்டகம் ஓடணுமா வேண்டாமா?"

அவருடைய நிஜமான பயம் வேறு. நாலாயிரம் ஒட்டகங்களின் வம்சாவளி அந்தப் பழைய சர்வர்களில்தான் இருந்தது. நகல் எடுத்தேன். எடுத்தது போதாது என்று, என் மடிக்கணினியில் அதைத் திறந்து, பிடித்த ஒட்டகத்தின் பெயரைச் சொல்லச் சொன்னேன். அதன் தாய்வழி ஐந்து தலைமுறையும் வந்ததும்தான் தலையசைத்தார்.

பிறகு தயங்கவில்லை. மூன்று சர்வர்களையும் நிறுத்தி, முறைப்படி நீக்கினேன். நீக்கிய பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கும் தரவுக் கோப்புறைகள், ரெஜிஸ்ட்ரி பதிவுகள், பழைய பயனர் கணக்குகள் எல்லாவற்றையும் தேடித் தேடி அழித்தேன். கணினியை அணைத்து மறுபடி போட்டேன். பழையதின் சுவடே இல்லை. புதுசு ஒரே மூச்சில் ஏறியது. நகலிலிருந்து ஒட்டகங்களையும் உள்ளே கொண்டுவந்தேன். பாங்கு சொல்ல இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

ஹுமைத் தானே மஸ்கட்டுக்குப் போன் போட்டார்.

"நீங்க வர வேண்டாம். எங்ககிட்ட ஆள் இருக்கு. ஆமா, எங்க ஊர்ப் பொண்ணு. மூணு ஆம்பளைங்க தொடப் பயந்ததை ஒரே காலையில துடைச்சுட்டா. ஸாலிமுக்கும் இப்பவே சொல்லப்போறேன்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடக்கமாக இருக்க நான் முயலவும் இல்லை.