படிவத்தில் இல்லாத அண்ணன்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை எனக்கு ஒரு விடுப்புப் படிவத்திலிருந்து கிடைத்தது. யாரைக் கவனித்துக்கொள்ள விடுப்பு என்று கேட்டு அதில் மூன்று கட்டங்கள்: கணவன் அல்லது மனைவி, பிள்ளை, பெற்றோர். என் கதாநாயகி மைட்டேவுக்கு இருந்ததோ அண்ணன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஸ்நேக் ஆற்றின் மேல் பனி இறங்கிய ஒரு காலையில்—" வேண்டாம். வெங்காய அறுவடைக் காலத்தில் இங்கே யாரும் ஆற்றைப் பார்ப்பதில்லை.

2

மைட்டே வெங்காயக் கொட்டகையில் தரம் பிரிப்பவள். முதலாளிக்கு ஆற்றின் இரு கரையிலும் கொட்டகை உண்டு; ஒரு கரை அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம், எதிர்க்கரை ஐடஹோ மாநிலம். பதினாறு வருடம் ஆரிகன் கரையில் வேலை பார்த்தவள், வீட்டுக்குப் பக்கம் என்று மூன்று வருடத்துக்கு முன் ஐடஹோ கரைக்கு மாற்றல் கேட்டு வாங்கினாள். பாலம் தாண்டும் நான்கு நிமிடம் மிச்சம்.

அந்த ஆரிகன் கரையில் மாநிலச் சட்டம் உடன்பிறந்தவர்களையும் குடும்பமாக எண்ணி விடுப்பு தருகிறது. இந்த ஐடஹோ கரையில் மத்திய சட்டம்தான் கதி. அதற்கு அண்ணனைத் தெரியாது. வெங்காயத்துக்கு இரு கரையும் ஒன்றே.*

அண்ணன் பெனாட்டுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாய்சி நகரத்து ஆஸ்பத்திரியில் கீமோ. அவள்தான் காரில் கூட்டிப்போக வேண்டும். கொட்டகையில் வராத நாளுக்கு ஒரு புள்ளி. ஏழானால் வேலை போய்விடும். மைட்டேவிடம் ஆறு சேர்ந்துவிட்டது.

(* இந்த வரியில் என் கெட்டிக்காரத்தனம் துருத்திக்கொண்டு நிற்கிறது. அடிக்க மனம் வரவில்லை.)

3

"நாலு நிமிஷம் மிச்சம் புடிக்கப் போய் மாட்டிக்கிட்டியேடி," என்றாள் ட்வைலா. கொட்டகை அலுவலகத்தில் விடுப்பு விவகாரம் பார்ப்பவள், பள்ளிக்கூடத்திலிருந்தே தோழி.

"வயித்தெரிச்சலைக் கிளப்பாத. அந்தக் கரைக்கே திருப்பி அனுப்பு."

"அங்க இடம் இல்ல. ஆனா ஒரு வழி இருக்கு. சின்ன வயசுல அப்பா அம்மா ஸ்தானத்துல நின்னு வளர்த்தவங்களும் சட்டப்படி பெத்தவங்கதான். பெனாட் உன்னை வளர்த்தான்னு எழுதிக் கையெழுத்துப் போடு."

"அது ஊருக்கே தெரியுமே!"

"ஊருக்குத் தெரியும். படிவத்துக்குத் தெரியாதே."

தமையன் தகப்பனுக்குச் சமம் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எழுதிப் பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். மைட்டேவின் அப்பா இறந்து, அவளுக்கு ஆறு வயதானபோது, அம்மா மிரேன் ஒருநாள் கிளம்பிப் போனாள். திரும்பி வர பன்னிரண்டு வருடம். வந்தவள் நேராக அடுப்படிக்குப் போனாள். எங்கே போயிருந்தாய் என்று அண்ணனும் தங்கையும் கேட்கவில்லை. அந்தக் கேட்காமையின் மேல்தான் அந்த வீடு இருபத்தாறு வருடமாக நிற்கிறது.

4

மிரேனை முதலில் கொடுமைக்காரியாக எழுதினேன். ஒட்டவில்லை. கீமோ முடிந்து வரும் மகனுக்குப் பூண்டு சூப் வைத்துக் காத்திருப்பவளை அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை.

சமையல் மேசையில் மைட்டே எழுதினாள்: 'என் அம்மா இல்லாதபோது—' அடித்தாள். 'என் அம்மா இருந்தும்—' அதையும் அடித்தாள்.

[முடிவு ஒன்று: எழுதாமல் விடுகிறாள், ஏழாவது புள்ளி விழுகிறது. முடிவு இரண்டு: அம்மாவுக்குத் தெரியாமல் எழுதிக் கொடுத்துவிடுகிறாள்.]

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் மிரேன் முதுகைக் காட்டிக்கொண்டு சூப் கிண்டுகிறாள். பாவமாக இருந்தது. அவளை மேசைப் பக்கம் திரும்பச் செய்தேன்.

5

"என்னடி அடிச்சு அடிச்சு எழுதுற?"

"ஒண்ணுமில்லம்மா. வேலை விஷயம்."

மிரேன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தாள். அடித்த வரிகளையும் படித்தாள். இந்த இடத்தில் அவளை அழவைக்கப் பார்த்தேன், அவள் அழவில்லை.

"நான் சொல்றேன், எழுது. 'ஆறு வயசுலேர்ந்து பதினெட்டு வரைக்கும் என்னை வளர்த்தது பெனாட்.' அவ்வளவுதான்."

"அம்மா..."

"பெத்தவ எங்க போனான்னு கேக்க இதுல கட்டம் இல்ல. நல்லவேளை. எழுதுடி, சூப் ஆறுது."

6

மைட்டே எழுதினாள், கையெழுத்தும் போட்டாள். விடுப்பு கிடைக்கும், அதற்கு நான் பொறுப்பு.

பேனாவை மூடியவள், "எங்கம்மா போயிருந்த?" என்று கேட்டாளா என்பதை மட்டும் நான் எழுதப்போவதில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: மிரேன் இன்னும் கண்ணாடியைக் கழற்றவில்லை.