காவல் அட்டை இல்லாத கட்டு

சட்டையின் மூன்றாவது பொத்தான் ஒற்றை நூலில் ஆடிக்கொண்டிருந்தது. அக்கா அதை இறுக்கித் தைத்து நூலைப் பல்லால் கடித்தாள். மூன்று மணிக்கு வண்டி வரும். அப்பாவும் அவளும் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தம்பியைக் கொண்டுவர வேண்டும். சட்டையைத் தன் கையால்தான் போட்டுவிடுவேன் என்று காலையிலேயே சொல்லிவிட்டாள்.

நேற்று விடிவதற்குள் அவன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டிருந்தான். இருபத்து நாலு வயது. அம்மா உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வீட்டில் யாரும் காற்றாடியைப் போடவில்லை. புழுக்கம் ஆளை அமுக்கியது.

வாசலில் நிழல் விழுந்தது. வக்கீல். தம்பியின் கூட்டாளி, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன். சனிக்கிழமை அட்டை விளையாட்டில் ஒவ்வொரு விதிக்கும் அரைமணி நேரம் வாதாடியதால் தம்பி வைத்த பெயர் அது. “இவன்கிட்ட தோத்தவங்களைவிடக் களைச்சுப்போனவங்கதான்க்கா அதிகம்” என்பான் தம்பி.

வக்கீல் ஒரு தகர டப்பாவைக் கையில் பிடித்திருந்தான். “உக்காருடா” என்றாள். உட்கார்ந்தான். முகம் சவரம் செய்து துடைத்த மாதிரி இருந்தது. அழுத தடமே இல்லை.

“எங்களுக்குத் தெரியாமப் போச்சுக்கா” என்றான்.

அவளுக்கும் அந்த ஆட்டம் கொஞ்சம் தெரியும். ஆளுக்கு நாற்பது அட்டை. அவரவரே தேர்ந்து கட்டு சேர்க்க வேண்டும். பாதி தாக்கும் அட்டை, பாதி காவல் அட்டை. காவல் அட்டை இல்லாதவன் ஓர் அடி விழுந்தாலும் ஆட்டத்தை விட்டு வெளியே.

“மூணு வாரமா காவல் அட்டையா எடுத்து எடுத்து எல்லாருக்கும் குடுத்தான். எனக்கு நாலு. பழைய பதிப்பு, தேடினாலும் கெடைக்காது. புது வியூகம்டா, துணிஞ்சு ஆடுறான்டானு கைதட்டினோம்க்கா. கைதட்டினோம்.”

அவளிடமும் சொன்னானே. ‘இனிமே தற்காப்பு எதுக்குக்கா?’ என்று சிரித்தான். ‘போடா, போய் ஜெயிச்சுட்டு வா’ என்று இவளும் சிரித்துவிட்டு வேலைக்கு ஓடினாள்.

வக்கீல் டப்பாவை அவள் மடியருகில் வைத்தான். “என் கட்டு. உங்ககிட்டயே இருக்கட்டும்.”

மருந்துக் கிடங்கில் பெட்டிகளைப் பட்டியலோடு ஒத்துப்பார்ப்பது அவள் வேலை. எட்டு வருடப் பழக்கம், கை தானாகவே மூடியைத் திறந்தது. அட்டைகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். எல்லாமே தாக்கும் அட்டை. ஒன்றுவிடாமல்.

“உன்னோட காவல் அட்டையெல்லாம் எங்கடா?”

“பசங்களுக்குப் பிரிச்சுக் குடுத்துட்டேன். காலைல.”

“எதுக்கு?”

“இனிமே எதுக்குக்கா அதெல்லாம்.”

தம்பியின் அதே குரல். அதே லேசான சிரிப்பு.

தெருவில் வண்டி வந்து நின்றது. டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. கதவை மட்டும் திறந்து வைத்தார். வக்கீல் எழுந்தான். “நான் கெளம்புறேன்க்கா. நீங்க போயிட்டு வாங்க.”

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். சுற்றி வளைக்க நேரமில்லை. “நேராவே கேக்குறேன். நீயும் செத்துப்போகணும்னு நினைக்கிறியா?”

எதற்கெடுத்தாலும் வாதாடுகிறவன் வாதாடவில்லை. தரையைப் பார்த்தான். தலை அசைந்தது, மேலும் கீழுமாக.

“வீட்ல யாரு இருக்கா?”

“யாருமில்ல. அண்ணன் லாரில போயிருக்கான்.”

“என்னம்மா, வண்டி நிக்குது பாரு” என்று அப்பா உள்ளே வந்தார்.

“நீங்க போங்கப்பா. நான் வரல.”

“வரலையா? நீதானே சட்டை போட்டுவிடுறேன்னு...”

“நீங்களே போட்டுவிடுங்கப்பா.” சட்டையை நீட்டினாள். மற்ற கை வக்கீலை விடவில்லை. “இவனத் தனியா விட முடியாது.”

அப்பா அந்தக் கையைப் பார்த்தார், வக்கீலின் முகத்தைப் பார்த்தார். சட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இறங்கினார். வண்டி கிளம்பும் சத்தத்தை அவள் தெருமுனை வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அண்ணன் நம்பரப் போடு.”

“அவன் ஓட்டிட்டு இருப்பான்க்கா. எடுக்க மாட்டான்.”

“எடுக்குற வரைக்கும் போடுவோம். அவன் வர்ற வரைக்கும் நீ இங்கதான். அப்புறம் டாக்டரப் பாக்குறோம். நானும் வரேன்.”

அவன் போட்டான். மணி அடித்து அடங்கியது. மறுபடி போட்டான். அதுவும் அடங்கியது. மூன்றாவது முறை, லாரியின் இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல் கத்தியது: “என்னடா, சொல்லு! ஓரமா நிறுத்திட்டேன், சொல்லு!”

வக்கீல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு வாயைத் திறந்தான்.